தலையில் எண்ணெய் வைக்காமல் வரவும்

இரண்டு வருடம் கழித்து நியூஜெர்சியிலிருந்து லால்குடி போயிருந்தேன். முதல் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது, கூடத்தில் அப்பாவின் குறட்டை சட்டென்று நின்றது. எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்று வந்ததும் பெரிதாக ஒரு செருமல், மறுபடி குறட்டை. எனக்கு இந்தக் கணக்கு பழக்கம்தான். மூன்று வருடமாக நானே, தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபாப் (CPAP) மெஷினை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவது சர்க்கரையால், மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர் வயசால், பேப்பரும் கையுமாகத் தூங்கி வழிவது ரிட்டயர் ஆனதால் என்று ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரு காரணம் வைத்திருந்தார். ஸ்லீப் ஆப்னியாவில் இது எல்லாமே வரும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு போகிற வழி அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உலுக்கி எழுப்புகிறது. காலையில் கேட்டால், "நல்லாத் தூங்கினேனே" என்பார்கள்.

ராத்திரி தூங்கவைத்துப் பார்க்கிற ஸ்லீப் டெஸ்ட்டுக்கு, திருச்சி தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டே நாளில் தேதி கிடைத்தது. எனக்கு அமெரிக்காவில் ஏழு வாரம் ஆனது. போனில் ஒரே நிபந்தனை: தலையில் எண்ணெய் வைக்காமல் வரவும். வயர் ஒட்டாதாம். எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டியே பழக்கமில்லாத அப்பாவுக்கு, ஆஸ்பத்திரியில் படுப்பதைவிட இதுதான் சங்கடம். டெக்னீஷியன் பையன் பொறுமைசாலி. வகிடு எடுத்து எடுத்து, இடம் பார்த்துத் தேய்த்து, பசை வைத்து ஒட்டினான். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப். "ஷாக் எல்லாம் அடிக்காது ஐயா" என்று கேட்காமலே சொன்னான். 12,000 ரூபாய்.

ரிசல்ட்: மணிக்கு 38 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. 5-க்குக் கீழே இருந்தால் சரி, 30 தாண்டினால் தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது.

இதுவரை குறையில்லை. ஆனால் டாக்டர் பேசியது ஐந்து நிமிஷம், வெளியே வராந்தாவில் மெஷின் விற்பவர் பிடித்துக்கொண்டது அரை மணி நேரம். இன்றைக்கே வாங்கினால் தள்ளுபடி என்றார். நான் அசையவில்லை. மாஸ்க் ஒத்துக்கொள்ளாமல் மெஷினைப் பரணில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு ஒருவரிடம் ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தோம்.

மெஷினில் காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையருக்கு டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் பெட்ரோல் பங்கில் பேட்டரி தண்ணீரைக் காட்டுகிறார்கள். அதை மூச்சுக்குள் விட மனசு வரவில்லை. கொதிக்கவைத்தாலும் போர் தண்ணீரின் உப்பு போகாது. ஏப்ரல் புழுக்கத்தில் ஈரப்பதம் எதற்கு என்று அதை அணைத்தேவிட்டோம். ஹீட்டர் ஓடாததால் கரண்ட் போன ராத்திரியிலும் இன்வெர்ட்டர் விடியவிடிய தாங்கியது.

சிக்கல் வந்தது மீசையில். அதற்கும் மாஸ்க்குக்கும் நடுவே காற்று புஸ்ஸென்று கசிந்தது. மீசையை எடுக்கச் சொன்னதற்கு, "மெஷினை எடுத்துட்டுப் போ" என்றார் அப்பா. மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் மூன்றாவதாக, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்கைக் கொண்டுவந்தார். அன்றைக்கு ராத்திரி அம்மா இரண்டு தடவை எழுந்துபோய் அப்பாவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.