சுழல்: மயானக் கொள்ளையை டர்பனில் இருந்து பார்த்தபோது

எனக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது, இப்போது இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சின்ன வயதில் வருடா வருடம் போனவள் நான், அதனால் மயானக் கொள்ளைத் திருவிழாவை வைத்து ஒரு திரில்லர் தொடர் வருகிறது என்று கேள்விப்பட்டபோது முதலில் பயம்தான் வந்தது. நாக்கை நீட்டிய நான்கு பேரைக் காட்டி, பின்னால் டமடமவென்று அடித்துப் பயமுறுத்தி முடித்துவிடுவார்களோ என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை.

2022 ஜூன் 17 அன்று பிரைம் வீடியோவில் சுழல் வந்தபோது நானும் கணவரும் ஒரே வார இறுதியில் எட்டு எபிசோடையும் பார்த்தோம். முதல் நாள் ஜூன் 16 இங்கே இளைஞர் தினம், விடுமுறை, அதனால் வசதியாகப் போய்விட்டது. போன மாதம் என் அத்தையோடு, அதாவது மாமியாரோடு, இரண்டாவது தடவை பார்த்தேன். இதை எழுத உட்கார்ந்தது அதற்கப்புறம்தான், ஏனென்றால் குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகும் ஒரு திரில்லர் தாங்குகிறதா என்பதுதான் எனக்குச் சரியான சோதனை.

கதை நடப்பது சாம்பலூர் என்ற கற்பனை ஊரில். மலைப் பக்கம், ஒரு சிமெண்ட் தொழிற்சாலை, அதை நம்பித்தான் ஊரே ஓடுகிறது. திருவிழா தொடங்குகிற நேரத்தில் ஒரே இரவில் தொழிற்சாலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். சண்முகமாகப் பார்த்திபன், அவரோடு ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி, துப்புத் துலக்கும் எஸ்.ஐ. சக்கரையாகக் கதிர், வீட்டுக்குத் திரும்பி வரும் மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். புஷ்கர்–காயத்ரி எழுதி உருவாக்கியது, முதல் நான்கு எபிசோடுகளைப் பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரண் முருகையனும் இயக்கியிருக்கிறார்கள். கதையை இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மயானக் கொள்ளை எப்படி என்றால், மகா சிவராத்திரி முடிந்து மாசி அமாவாசைக்கு அம்மன் சுடுகாட்டுக்குப் போவாள். பிரம்மனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளியதால் அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு பிச்சையாக விழுவதையெல்லாம் தின்றுவிட்டதாம். அங்காளம்மன் மயானத்தில் சோற்றை வாரி இறைத்து, அதைத் தின்னக் கீழே இறங்கிய கபாலத்தைக் காலால் மிதித்து அடக்கினாள் என்பது கதை. அதனால்தான் விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த தானியம், காய்கறி, அவித்த பயறு எல்லாவற்றையும் கொண்டுவந்து இறைப்பார்கள், கூட்டம் முண்டியடித்துப் பொறுக்கும். காளி வேஷம் கட்டியவர்கள் வருவார்கள். எனக்கு ஏழு வயதில் அப்படி ஒரு காளி என் முகத்துக்கு நேராக வந்து நின்றார், நான் வீறிட்டு அழுதேன், அப்பா மெதுவாக, "நம்ம பால்காரரும்மா" என்றார். சாயத்துக்குள்ளே தெரிந்த அந்த இரண்டு கண்கள் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன.

சுழல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கண்களைத்தான். திருவிழா நாட்களில் ஊரே தெருவில் இருக்கிறது, எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள், ஆனாலும் ஒரு வீட்டுக்குள் வருடக்கணக்காக நடந்த விஷயம் யார் கண்ணுக்கும் படவில்லை. கடவுளை நம்பாத தகப்பன், போலீஸ்கார அம்மா, முதலாளி, ஊர்ப் பெரியவர்கள் என்று ஒருவர் வாழ்க்கை இன்னொருவர் வாழ்க்கைக்குள் பின்னிக்கிடக்கிறது, ஒரு நூலை இழுத்தால் நான்கு வீடு ஆடுகிறது. சாயம் பூசிய முகங்களைப் பார்த்து நாம் பயந்துகொண்டிருக்கும்போது, ஆபத்து சாயமே இல்லாமல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தடவை பார்க்கும்போது முதல் எபிசோடிலிருந்தே அந்த ஆள் எங்கே நிற்கிறார், யாரைத் தொட்டுப் பேசுகிறார் என்று மட்டும் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. எல்லாம் நம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

அத்தை நான்காவது தலைமுறை டர்பன் தமிழர். தமிழ் கேட்டால் பாதி புரியும், பேசுவது குறைவு, ஆனால் சாமி காரியம் எல்லாம் அத்துப்படி. இங்கே மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளிக்கிழமை அன்று நடக்கும். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாளில்தான் லீவு கிடைத்தது, அப்படியே நின்றுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இசிபிங்கோ கோயிலுக்கு அன்றைக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர் தொடரில் ஆடுகிறவர்களை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில், "இவனுக்குச் சாமி வரல, சும்மா ஆடுறான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஐந்தாவது எபிசோட் முடிந்ததும், அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது இவர்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி எல்லோரும் தப்பாகப் பேசியதையும், அந்தப் பெண் எதற்காக வீட்டை விட்டு ஓடினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத கதை.

குறைகளும் உண்டு. நடுவில் மூன்று, நான்கு எபிசோடுகள் "இவன்தானோ, அவன்தானோ" என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட வைத்து இழுக்கின்றன. முதல் தடவை அது விறுவிறுப்பு, இரண்டாவது தடவை சலிப்பு. தொழிற்சாலை விவகாரம் பெரிதாகத் தொடங்கி, பிறகு குடும்பக் கதைக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறது, தொழிலாளர்கள் கதி என்ன என்று எனக்குக் கடைசிவரை ஏக்கமாக இருந்தது. கடைசி எபிசோடில் கொஞ்சம் வாய்விட்டே விளக்கம் சொல்கிறார்கள், அவ்வளவு தேவையில்லை. நடிப்பில் எனக்கு மறக்காதது ஸ்ரேயா ரெட்டியும் பார்த்திபனும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போதே, இரண்டு பேரும் பெற்றவர்கள் என்பது தெரிகிறது. சாம் சி.எஸ். இசைக்கு நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார்கள், தயவுசெய்து தமிழிலேயே வைத்துக் கீழே எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். யார் யாரை எந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் கதையின் பாதி இருக்கிறது, ஆங்கிலத்தில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாம் ஒரே சொல்லாகக் கரைந்துவிடும். இன்னொன்று, இதில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வருகிறது. சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், அந்த வலி பட்டவர்கள் தெரிந்துகொண்டு, வேண்டுமானால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரண்டாவது பாகம் 2025 பிப்ரவரி 28 அன்று, மகா சிவராத்திரி முடிந்து இரண்டே நாளில் வந்தது. அதில் கடலோர ஊர், அஷ்டகாளித் திருவிழா, எட்டுப் பெண்கள். பார்க்கலாம், ஆனால் முதல் பாகத்தில் திருவிழாவும் குற்றமும் ஒட்டிக்கிடந்த மாதிரி இதில் ஒட்டவில்லை, அங்கே திருவிழா பெரும்பாலும் அலங்காரமாக நின்றுவிடுகிறது.

அத்தை அதையும் பார்க்க வேண்டும் என்கிறார். அடுத்த பெரிய வெள்ளிக்கு இசிபிங்கோ போகும்போது அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்ணின் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாராம்.