மணிக்கட்டுக்கு எதைத் தாங்கலாகக் கொடுப்பது: ஜெல், ஃபோம், மரம், தோல்

வேலூர் சத்துவாச்சாரியில் கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் இருக்கிற பக்கம் டைப்பிங் கடை வைத்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கிரயப் பத்திரம், வாரிசு மனு, பட்டா மாறுதல், அஃபிடவிட் என்று காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கை கீபோர்டில்தான் இருக்கும். போன வருஷம் பங்குனியில் ராத்திரி தூங்கும்போது வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. உதறினால் சரியாகும், அப்புறம் மறுபடி வரும். அதிலிருந்து கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற கைத்தாங்கிகளை ஒவ்வொன்றாக வாங்கியும் செய்தும் மேஜையில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். என்னைப்போல நாள் முழுக்க டைப் அடிக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதப்பட்ட சிபாரிசு நமக்கு அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் கையைப் பற்றி. மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்பு. (சுண்டுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, முழங்கை வழியாக வருவது.) மணிக்கட்டுக்கு நேர் கீழே எதை வைத்து அழுத்தினாலும், அது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தாலும், அந்தக் குறுகலான வழியில்தான் அழுத்தம் ஏறுகிறது. 'ரிஸ்ட் ரெஸ்ட்' என்று பேர் வைத்து விற்றாலும், அதன் மேல் வைக்க வேண்டியது மணிக்கட்டை அல்ல, உள்ளங்கையின் அடிமேட்டை. அதுவும் அடித்து முடித்து அடுத்த வரியைப் படிக்கிற இடைவெளியில். அடிக்கும்போது கை மிதக்க வேண்டும்.

இது எனக்குப் புதுசாகத் தெரிந்த விஷயமும் இல்லை. டைப்ரைட்டிங் லோயர் கிரேடு படிக்கும்போதே மாஸ்டர் மரஸ்கேலை எங்கள் மணிக்கட்டுக்கு அடியில் நீட்டிப் பிடிப்பார். கை அதில் படாமல் ஒரு பக்கம் அடித்து முடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு கீ லேசாகிவிட்டது, கையும் மேஜையில் படுத்துக்கொண்டது. தமிழ் டைப்ரைட்டர் முறையில் அடிக்கிறவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ஷிஃப்டுக்கு அடிக்கடி போக வேண்டும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு சுண்டுவிரலை நீட்டினால் கை முழுக்க வெளிப்பக்கமாக வளைகிறது. ஊன்றாமல் அடித்தால் கையே நகர்ந்து போய் எட்டும். தமிழ்99 முறையில் ஷிஃப்ட் வேலை ரொம்பக் குறைவு. ஆனால் வேகம் பழகிய கையை மாற்றச் சொல்ல எனக்கு மனசில்லை.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

நான் முதலில் வாங்கியது ஜெல். பெரும்பாலும் எல்லோரும் முதலில் வாங்குவது இதுதான். கடையில் தொட்டுப் பார்க்கும்போது சில்லென்று இருக்கும், அந்தச் சுகத்திலேயே வாங்கிவிடுவோம். மாசி வரை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கடைக்கு மேலே ஷீட் கூரைதான் போட்டிருக்கிறது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் மத்தியானம் ஃபேன் காற்றே சூடாக வரும். அந்த நேரத்தில் ஜெல்லும் அறையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது, கையின் சூடு வெளியே போக வழியில்லை. மேல் துணி வியர்வையில் ஊறி, ஸ்டாம்ப் பேப்பரை எடுக்கப் போனால் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் மாசம் துணிக்கும் அடிரப்பருக்கும் நடுவே விளிம்பு பிரிந்து, அந்த இடுக்கில் அழுக்கு கறுப்புக் கோடாகப் படிந்தது. கழற்றித் துவைக்க முடியாது. அதைவிடப் பெரிய குறை உயரம். எல்லாரும் வைத்திருக்கிற கீபோர்டின் முன்விளிம்பைவிட இது உசரமாக இருந்ததால், விரல்கள் மேலிருந்து கீழே இறங்கி அடிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது மெமரி ஃபோம். அமெரிக்காவில் 1966 வாக்கில் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்ட பொருள் இது. சூடு பட்டால் இளகும், குளிரில் இறுகும். அது கையின் வடிவத்துக்கு அமுங்குவதே அதனால்தான். ஏசியில் இருப்பவர்களுக்கு இதுவே நல்ல தேர்வு என்று தயங்காமல் சொல்வேன். என் தங்கை பில்லிங் கவுண்டரில் வேலை செய்கிறாள், இரண்டு வருஷமாக ஒரே ஃபோம்தான், இன்னும் உருக்குலையவில்லை. என் கடையில் சித்திரையில் அது ஊறவைத்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. கை வைத்தால் அடிப்பலகை வரை அமுங்கி, மணிக்கட்டு கீழே சரிந்து, விரல் மேலே நிற்கும். எந்த வளைவைத் தவிர்க்க வாங்கினோமோ அதையே அது கொண்டுவந்து கொடுத்தது.

மடித்த துண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவில்லை, துவைக்கலாம், வியர்வையை இழுக்கும். ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும், உயரமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தாங்கி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாரம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மரம் எனக்குச் சரியாக வந்தது. கெட்டியாக இருக்குமே, வலிக்காதா என்றுதான் நானும் நினைத்தேன். தாங்கியில் கை கிடப்பது இடைவெளியில் மட்டும் என்றால் கெட்டி ஒரு குறையே இல்லை, மத்தியானம் சூட்டிலும் அதன் உயரம் மாறாது. தோட்டப்பாளையத்தில் நிலைக்கதவு செய்கிற ஆசாரியிடம் தேக்கின் வெட்டுத்துண்டு ஒன்று கிடைத்தது. என் கீபோர்டின் முன்விளிம்பை ஸ்கேல் வைத்து அளந்தேன், 18 மில்லிமீட்டர். அதே உயரம், 44 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம், என் பக்கம் லேசான சரிவு. அகலம் கூடினால் மணிக்கட்டும் அதன் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும், அதனால் 7 போதும் என்று சொன்னேன். உப்புத்தாளை வைத்து விளிம்பைத் தேய்த்துவிட்டு அவர் கேட்டார்:

"முனைய இன்னும் உருட்டணுமாக்கா?"

"உருட்டுங்கண்ணே. கை வச்சா விளிம்பு எங்க இருக்குன்னே தெரியக்கூடாது."

கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன் மேல் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். கடைசியில் இன்னும் மெல்லிய தாளை எடுத்தார். வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பளபளப்புப் பூச்சு வியர்வையில் ஒட்டும். கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்ததோடு சரி. வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் ட்யூபை நறுக்கி ஒட்டியிருக்கிறேன். மரத்தின் ஒரே குறை, அது ஒரு கீபோர்டுக்குத்தான். மெக்கானிக்கல் கீபோர்டு உசரமானது, அதற்கு வேறு கட்டை வேண்டும். லேப்டாப்புக்குக் கட்டையே வேண்டாம், முன்பக்கம் இருக்கிற இடமே போதும்.

தோல் தாங்கி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற வசதி. ஆன்லைனில் 'லெதர்' என்று விற்பதில் நான் பார்த்ததெல்லாம் ரெக்சின் வகை, ஒரு வருஷத்தில் செதில் செதிலாக உரிகிறது. என் நாத்தனார் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கிறாள். அவள் தைத்துக் கொடுத்ததில் அடியில் மெல்லிய பலகை, நடுவில் செருப்புக்குப் போடுகிற ஈ.வி.ஏ. ஷீட், மேலே பட்டை போட்டுப் பதனிட்ட தோல். இந்தப் பக்கம் பழைய நாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிடுவார்கள். பெயின்ட் பூச்சு ஏறாத அந்த மாதிரித் தோல் வியர்வையை உறிஞ்சி, பிறகு தானே காய்கிறது. கறை படியும், நிறம் கறுக்கும், அது எனக்குக் குறையாகப் படவில்லை. எலும்பு தெரிகிற மெலிந்த கைக்கு மரத்தைவிட இதுதான் மேல். கடையில் உதவிக்கு இருக்கிற பெண்ணுக்கு மரம் குத்தியது, தோல் குத்தவில்லை.

கட்டு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் ரோட்டு சர்ஜிக்கல் கடைகளில் உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும். நிறைய பேர் அதை மாட்டிக்கொண்டே டைப் அடிக்கிறார்கள். அது மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கத்தான், முக்கியமாக ராத்திரி தூங்கும்போது. ராத்திரியில் அதிகம் மரத்துப்போவதற்கு, தூக்கத்தில் நாம் கையை மடக்கிக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். அதை மாட்டிக்கொண்டு அடித்தால் மணிக்கட்டு அசையாது, அந்த வேலையெல்லாம் முழங்கைக்கும் தோளுக்கும் போய்விடும். டாக்டர் சொல்லி, ராத்திரி மட்டும் போட்டேன். எனக்கு மரத்துப்போவது குறைந்ததில் பெரிய பங்கு அதற்குத்தான், எந்தத் தாங்கிக்கும் இல்லை. பகலிலும் மரத்துப்போனாலோ, கையிலிருந்து சாமான் நழுவினாலோ, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வற்றினாலோ தாங்கி தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பகலில் டைப் அடிக்கும்போது தாங்கிகள் எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது, காசு கொடுத்து வாங்காத ஒன்று. நம் மேஜைகள் பெரும்பாலும் 30 அங்குலம், எழுதுவதற்கென்று செய்தவை. ஐந்தடி இருக்கிற எனக்கு அதில் கீபோர்டு வைத்தால் முழங்கையைவிட உசரத்தில் நிற்கிறது, கை தானாகவே மேஜை விளிம்பில் ஊன்றும். நாற்காலியை ஏற்றி, காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டேன். கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கிவிட்டேன். அந்தக் கால்கள் நின்றால் கீபோர்டு நம் பக்கம் சாய்ந்து, கை பின்னால் மடங்கும். இந்த இரண்டையும் செய்த பிறகுதான் 18 மில்லிமீட்டர் கட்டைக்கே அர்த்தம் வந்தது. செய்யாதவர்கள் எந்தத் தாங்கி வாங்கினாலும் அதன் மேல் மணிக்கட்டை ஊன்றித்தான் அடிப்பார்கள்.

மவுசுக்கு ஜெல் மேடு வைத்த பேட் ஒன்று வருகிறதே, அதை மட்டும் வாங்காதீர்கள். மணிக்கட்டு அந்த மேட்டில் ஊன்றி நின்றுகொண்டு, அதை அச்சாக வைத்தே கை இடதும் வலதும் ஆடும். நான் மேடில்லாத பெரிய பேட் போட்டு, முழங்கையிலிருந்து நகர்த்துகிறேன். முதல் நான்கு நாள் தோள் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது.