வேலூரில் கிராமபோன் பழுதுபார்ப்பு: மோட்டார் வேலை அருமை, சவுண்ட் பாக்ஸ் சுமார்

லாங் பஜார் பக்கம் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடையில், பல வருஷம் பரணில் கிடந்த சாவி கிராமபோனை நம்பிக் கொடுக்கலாம். சுருள்வில்லின் முறுக்கு முழுதும் இறங்கிய பிறகுதான் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். முறுக்கோடு, வில் சுற்றியிருக்கும் டிரம்மைத் திறந்தால் வில் பாய்ந்து கையைக் கிழித்துவிடும். களிம்பாக இறுகிய பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்து வழித்தெடுத்து, கிராஃபைட் கிரீஸ் பூசுகிறார்கள். ஓடும்போது ‘தொம் தொம்’ என்று வில் குதிப்பதற்குப் பெரும்பாலும் அந்த இறுகிய கிரீஸ்தான் காரணம். எடுத்தவுடன் வில்லையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் தோல் துண்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். பிறகு 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் சரியானால் சுற்றும்போதே இதன் கோடுகள் நிற்பதுபோலத் தெரியும்) வைத்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் வேகத்தை நிமிஷத்துக்கு 78 சுற்றுக்குக் கொண்டுவருகிறார்கள். பல எல்.இ.டி. விளக்குகளில் அந்தக் கோடுகள் நிற்பது தெரியாது.

குறை, ஊசியின் அதிர்வைச் சத்தமாக்கும் சவுண்ட் பாக்ஸில். கல்லாகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றாமல் பசை தடவி விடுகிறார்கள். மைக்கா தகடு அசைய முடியாமல் சத்தம் கரகரக்கிறது. தகட்டின் இருபுறமும் மெல்லிய ரப்பர் குழாய் புதிதாகப் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இரும்பு ஊசி இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. தேய்ந்ததை மறுபடி போட்டால் பள்ளம் அரிந்துபோகும். நம்ம ஊர் வெயிலுக்கு அரக்குத் தட்டு வளைந்துவிடும், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.