தலப்படமா, கூகுள் எர்த்தா? நிலத்தை வாசிக்கப் பழக எது முதலில்

பதினோராம் வகுப்புப் புவியியல் செய்முறையில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். தாளில் நெளியும் பழுப்புக் கோடுகளைப் பார்த்து மலையையும் பள்ளத்தாக்கையும் மனத்தில் எழுப்ப வேண்டும். "கூகுள் எர்த்தைத் திறந்தால் மலையே தெரிகிறதே, கோட்டை எண்ணி என்ன ஆகப்போகிறது?" என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சரிவையும் நில அமைப்பையும் கற்கத் தாளும் பென்சிலும்தான் முதலில் வர வேண்டும். நிலப் பயன்பாட்டையும் மாற்றத்தையும் கற்கச் செயற்கைக்கோள் படத்துக்கு ஈடே இல்லை. தட்டையான சமவெளியில் இரண்டுமே திணறும், அங்கே வேறு தடயங்களைத் தேட வேண்டும்.

தாளில் என்ன இருக்கிறது

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படம், அதாவது டோபோ ஷீட், 15 நிமிட அட்சத்தையும் 15 நிமிடத் தீர்க்கத்தையும் அடக்கும். தரையில் 1 கி.மீ. என்பது தாளில் 2 செ.மீ. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள்தான் சம உயரக்கோடுகள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு, அதாவது சம உயரக்கோட்டு இடைவெளி, பெரும்பாலும் 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிப்பாக இருக்கும், ஆகவே தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு 100 மீட்டர்.

தாள் எண்ணே ஒரு முகவரி. ஊட்டியும் தொட்டபெட்டாவும் இருக்கும் தாள் 58ஏ/11. 58 என்பது 8° முதல் 12° வடக்கு, 76° முதல் 80° கிழக்கு வரையிலான கட்டம். அதை 16 ஒரு-பாகைக் கட்டங்களாகப் பிரித்து, மேல் இடது மூலையில் தொடங்கிச் செங்குத்து வரிசையாக ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்துகள் இடுகிறார்கள். ஒவ்வொரு பாகைக் கட்டமும் அதே வரிசையில் மறுபடி பதினாறாகப் பிரியும். கிடைமட்டமாக எண்ணுகிறவர்கள் தவறான தாளில் போய் நிற்பார்கள். ஏற்காட்டுக்கு 58ஐ/1, கொடைக்கானலுக்கு 58எஃப்/8 என்று தாங்களே கண்டுபிடித்துவிட்டால் இந்த முறை பிடிபட்டுவிடும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் எண்முறை வேறு. பாடநூல்களிலும் பள்ளி அலமாரிகளிலும் இன்னும் பழைய எண்தான் அதிகம் புழங்குகிறது.

பள்ளிகளில் அசல் தாள் ஒன்றுதான் இருக்கும், மற்றவர்களுக்கு நகல். இங்கேதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளை நகலில் பழுப்புச் சம உயரக்கோடும் நீல ஓடையும் ஒரே நிறமாகிவிடும். சம உயரக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது, ஓடை அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் என்பதை வைத்துப் பிரித்தறியலாம். அதைவிட, நகல் கொடுத்த உடனே ஓடைகளின் மேல் நீலப் பென்சிலை ஓட்டச் சொல்வது நல்லது. அளவை இன்னும் மோசமாகக் கெடும். தாளை 71 சதவீதத்துக்குச் சுருக்கினால் 1:50,000 என்பது சுமார் 1:70,000 ஆகிவிடுகிறது, ஆனால் அச்சிட்ட எண் அப்படியே நிற்கிறது. பிரதி பின்னத்தை, அதாவது 1:50,000 என்று அச்சிட்ட விகிதத்தை, நம்பிக் கணக்கிட்டால் தூரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்து வரும். படத்தோடு சேர்ந்து சுருங்கும் கோட்டு அளவையை, அதாவது கிலோமீட்டர் குறித்து வரைந்த அளவுகோல் கோட்டை, மட்டும் நம்பலாம், எனவே நகலெடுக்கும்போது அதையும் சேர்த்து எடுங்கள்.

சரிவு: இங்கே தாள் ஏன் முந்துகிறது

குறுக்கு வெட்டுமுகம், அதாவது நிலத்தை ஒரு கோட்டில் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஏற்ற இறக்கம், வரைவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். ஒரு காகிதப் பட்டையை வெட்டுமுகம் வேண்டிய ஏ-பி கோட்டின் மேல் வைத்து, சம உயரக்கோடு குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் சிறு கோடு போட்டு உயரத்தை எழுத வேண்டும். கோடு நீளமானால் தடித்த கோடுகளும் ஓடைகளும் உச்சிகளும் போதும். பட்டையை வரைகட்டத் தாளின் அடிக்கோட்டில் வைத்துப் புள்ளிகளை மேலேற்றி, மென்மையான வளைகோட்டால் இணைக்க வேண்டும்.

பிழை மூன்று இடங்களில் வரும். முதலாவது செங்குத்து அளவை. 1 செ.மீ. = 200 மீ. என்று எடுத்தால் செங்குத்து அளவை 1:20,000, மிகைப்படுத்தல், அதாவது கிடைத்தூரத்தோடு ஒப்பிட உயரம் நீண்டு தெரியும் அளவு, 50,000 ÷ 20,000 = 2.5 மடங்கு. நீலகிரி போன்ற மலைக்கு இது போதும். 'ஒரு கோட்டுக்கு ஒரு செ.மீ.' என்று சுலபத்துக்காக 1 செ.மீ. = 20 மீ. வைத்தால் மிகைப்படுத்தல் 25 மடங்காகி, சாதாரணக் குன்றுகூட ஊசிமுனையாக நிற்கும். இரண்டாவது, அடுத்தடுத்து ஒரே உயரம் கொண்ட இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைப்பது. உச்சியில் அந்தக் கோடு சற்று மேலே எழும்ப வேண்டும், பள்ளத்தாக்கில் சற்றுக் கீழே இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் 20 மீட்டருக்குள் அடங்கும். மூன்றாவது, இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுவது. 17 கோடுகளுக்கு நடுவே 16 இடைவெளிதான், அதாவது 320 மீட்டர். அந்தத் தூரம் தாளில் 3.2 செ.மீ. என்றால் தரையில் 1,600 மீட்டர். சரிவு ஐந்துக்கு ஒன்று, கோணம் சுமார் 11 பாகை.

கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் நிறுவியிருந்தால் இதே வேலை ஒரு நிமிடத்தில் முடியும். பாதைக் கருவியால் கோடு போட்டு, அதன் பெயரில் வலது சொடுக்கு செய்து உயர வெட்டுமுகத்தைக் காட்டச் சொன்னால் போதும். வேகம்தான் இதன் பலம், பலவீனமும் அதுதான். அந்த வரைபடம் பெட்டியை நிரப்பும்படி தன் அளவைத் தானே நீட்டிக்கொள்கிறது. தஞ்சாவூர் வயலில் கோடு போட்டாலும் மலைத்தொடர் போல் ஏறி இறங்கும். இடப்பக்க எண்களைப் பார்க்காத மாணவர் அதை மலையென்றே எழுதிவிடுவார். மிகைப்படுத்தல் என்றால் என்ன என்பதைத் தன் கையால் வரைந்தவருக்குத்தான் இந்த நீட்சி கண்ணில் படும்.

இன்னொரு பொறி நிழல். தமிழ்நாட்டில் மேகமற்ற படங்கள் அதிகம் கிடைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, காலை நேரத்தில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். நிழல் வடமேற்குச் சரிவில் விழும். நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் வடக்கு மேலே இருக்கும் படத்தில் பள்ளத்தாக்கு முகடாகவும் முகடு பள்ளத்தாக்காகவும் புரண்டு தெரியும். படத்தைத் திருப்பித் தெற்கை மேலே கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீரோடை எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. தாளில் இந்த மயக்கத்துக்கு இடமில்லை. சம உயரக்கோடு ஆங்கில 'வி' போல் வளைந்து அதன் முனை உயரமான பக்கம் நோக்கினால் பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கம் நோக்கினால் மலைக்கிளை. உயர எண்ணைப் படிக்காமல் வளைவை மட்டும் பார்த்து விடை எழுதுகிறவர்களுக்கே இது தலைகீழாகும்.

ஆகவே எர்த்தைச் சரிபார்க்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். வரைந்து முடித்தபின் அதே ஏ-பி கோட்டை அதில் போட்டு, உச்சி எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டு எச்சரிக்கைகள். 11°24' என்பது 11.40 பாகை. அதை 11.24 என்று தட்டினால் கிட்டத்தட்ட 18 கி.மீ. தெற்கே போய்விடுவீர்கள். அடுத்தது, பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற புவி வடிவக் கணக்கில் வரைந்தவை, எர்த் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கணக்கை. எனவே ஆயங்களைச் சரியாகத் தட்டினாலும் புள்ளி இருநூறு மீட்டர் அளவுக்கு விலகி நிற்கலாம். அது மாணவரின் பிழை அல்ல, அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

சமவெளியில்

காவிரிப் படுகையின் தாளை விரித்தால் 20 மீட்டர் இடைவெளியில் சம உயரக்கோடே அரிதாகத்தான் தென்படும். எர்த்தின் உயரத் தரவிலும் சில மீட்டர் பிழை இருக்கும், தோப்பும் கட்டடமும் தரை உயரத்தைக் கூட்டிக் காட்டும். படுகையின் சரிவோ அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும் அளவு மென்மையானது. இங்கே வாய்க்கால்களைப் படிக்க வேண்டும். பாசன வாய்க்கால் கிளை பிரியும் திசைதான் சரிவின் திசை.

ஏரிகள் நிறைந்த மாவட்டங்களில் தாள் மறுபடியும் கைகொடுக்கிறது. கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும், அதன் வளைவு பெரும்பாலும் சரிவை நோக்கியே பிதுங்கியிருக்கும். கரையருகே '3ஆர்' என்று அச்சிட்டிருந்தால், கரை சுற்றுத்தரையைவிட 3 மீட்டர் உயரம் என்று பொருள். ஏப்ரல், மே மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில் அதே ஏரி வறண்டு, சீமைக்கருவேலம் மூடி, காடு போலத் தெரியும். பழகாத கண் அதை ஏரியென்றே கொள்ளாது.

மாற்றம்: இங்கே தாள் தோற்கிறது

தாள் அளவெடுத்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. அந்த ஆண்டு விளிம்புக் குறிப்பில் இருக்கும், விடைத்தாளில் அதை எழுதுகிறவர் குறைவு. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 66டி/1 தாளில் சதுப்பு நிலக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, எர்த்தின் பழைய படங்களுக்கான நேரப் பட்டையை நகர்த்திப் பாருங்கள். சாலையும் குடியிருப்பும் அலுவலக வளாகங்களும் சதுப்பை எந்தத் திசையிலிருந்து நெருக்கின என்பது ஆண்டு ஆண்டாகத் தெரியும். 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட நிலம் இது. வெள்ளநீர் எங்கே தேங்க இடமிழந்தது என்பதை மாணவர் தன் கண்ணாலேயே கண்டுகொள்வார். இதற்கு எந்தத் தாளும் ஈடாகாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எர்த்தில் தெரிவது பல நாள் படங்களை ஒட்டிச் சேர்த்தது. பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒன்று பச்சையாகவும் இன்னொன்று பழுப்பாகவும் நேர்க்கோட்டில் பிரிந்து தெரிந்தால் அது பயிர் எல்லையல்ல, பட எல்லை. கீழே காட்டும் தேதியை எழுதாமல் எந்த ஒப்பீட்டையும் ஏற்க வேண்டாம். ஒப்பிடும் இரண்டு படங்களும் ஒரே பருவத்தவையாக இருக்க வேண்டும். ஜனவரி ஏரியையும் மே ஏரியையும் வைத்துக்கொண்டு 'ஏரி சுருங்கிவிட்டது' என்று எழுதினால் அது பிழை. இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலப் பயன்பாட்டு அடுக்கு வகை பிரித்தே கிடைப்பதால், வண்ணத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர், காப்புக்காட்டு எல்லை, கோயில், கிணறு ஆகியவற்றுக்குத் தாளே போதும்.

கணினி இல்லாத பள்ளியில்

தாளின் ஒரு பகுதியை, சுமார் 10 செ.மீ. சதுரம், வண்ணத்தில் அச்சிடுங்கள். அதே 5 கி.மீ. சதுரத்தின் செயற்கைக்கோள் படத்தை, நேராகக் கீழ்நோக்கிய பார்வையில், அதே அளவுக்கு அச்சிடுங்கள். சாய்த்த பார்வையில் எடுத்தால் அளவை இடத்துக்கு இடம் மாறிவிடும். முதல் வகுப்பில் தாள் மட்டும்: ஓடைக்கு நீலம், முகட்டுக்கு சிவப்புப் புள்ளிக்கோடு, ஒரு வெட்டுமுகம். அடுத்த வகுப்பில் ஒளிபுகும் தாளில் அந்த ஓடைகளையும் முகடுகளையும் நகலெடுத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பொருத்துவதற்குச் சாலைச் சந்திப்பு, ஏரிக்கரை முனை, பாலம் என மூன்று புள்ளிகளாவது வேண்டும். ஆறு இடம் மாறும், அதை நம்பிப் பொருத்தக் கூடாது.