துருவுக்கு ரப்பர் கோட்டிங்கா, எண்ணெய் ஸ்ப்ரேயா?

கனடாவில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்குக் குளிர்காலம் வந்தால் கார் கவலைதான். பனி உறையாமலிருக்க அங்கே ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். சக்கரம் அதை வாரி அடிப்பக்கம் வீசும், தகடு துருப்பிடிக்கும். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் அந்த வேலையைக் கடற்காற்றே செய்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டும் அதே சோடியம் குளோரைடுதான். அங்கே சில மாதம், இங்கே வருஷம் முழுக்க.

வண்டி வாங்கும்போதே காதில் விழுவது அடிப்பக்கத்துக்கு அடிக்கும் கறுப்பு ரப்பர் கோட்டிங். புதுத் தகடு, சுத்தமாகக் காய்ந்திருக்கும்போது அடித்தால் நல்லதுதான். கல் தெறித்தாலும் தாங்கும், சத்தமும் குறையும். பழைய வண்டிக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். அக்கா வீட்டுக்காரரின் காரை லிஃப்டில் ஏற்றியபோது பார்த்தேன். வெளியே வழவழவென்று கறுப்பு. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓரத்தை நெம்பினார். கோட்டிங் தோசை மாதிரி பெயர்ந்து வந்தது, பின்னாலேயே துருச் செதில்கள் பொலபொலவென்று கொட்டின. விரிசலில் புகுந்த உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி அரித்திருக்கிறது.

மெழுகு ஸ்ப்ரேயும், செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்ப் பசையான லானோலின் ஸ்ப்ரேயும் அப்படி இறுகிக் கெட்டியாவதில்லை. கதவின் உள்பக்கம், சேஸிஸ் மடிப்பு என்று இடுக்கெல்லாம் ஊறி இறங்கும். ஏற்கெனவே பிடித்த துருவிலும் ஊறி, ஈரம் சேராமல் தடுக்கும். தூசி ஒட்டும், கழுவக் கழுவக் குறையும், வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் மட்டும் படக்கூடாது. பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பது இதற்கு ஈடாகாது. அடிப்பக்க இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் உப்பிக் கெட்டுப்போகும்.

என் பழைய வண்டிக்கு லானோலின்தான் அடிக்கிறேன். ஆனால் எதை அடித்தாலும் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைக் கழுவியாக வேண்டும். புதுச்சேரி பீச் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் அன்றைக்கே கழுவுவது நல்லது. கரிக்கும் போர் தண்ணீர் உதவாது. அது காய்ந்தால் உப்புதான் மிஞ்சும். அப்புறம், கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வடிவது அந்த வழியாகத்தான். கோட்டிங் அடித்தவர்கள் அவற்றை மூடியிருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.