குழந்தைகளின் நொறுக்குத்தீனியை வீட்டில் செய்தால் எதில் மிச்சம், எதில் இல்லை

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான நொறுக்குத்தீனியைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் நானே செய்துவருகிறேன். பணம் மிச்சமாகிறதா என்றால், நிச்சயமாக ஆகிறது. ஆனால் எதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான்.

பாப்கார்னை மிஞ்ச எதுவும் இல்லை. சோள மணிக்குள் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த நீராவியின் அழுத்தம் தாங்காமல் மேலோடு வெடித்து, மணி பல மடங்கு பருத்துவிடுகிறது. ஒரு கைப்பிடி சோளமே பெரிய பாத்திரத்தை நிறைக்கும். பொட்டலமாக வாங்கினால் அந்தப் பருமனுக்கும் உறைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, முதலில் இரண்டு மூன்று மணிகளை மட்டும் போடுங்கள். அவை வெடித்ததும் மீதியைக் கொட்டி, மூடியை மயிரிழை விலக்கி வையுங்கள். ஆவி வெளியேறாவிட்டால் பொரி நமுத்துவிடும். உப்பை நைசாகப் பொடித்துத் தூவினால் குறைவாகவே தேவைப்படும். சோளத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது முக்கியம். ஈரம் வற்றிய மணிகள் வெடிக்காமல் அடியில் தங்கிவிடும், அதுவும் நட்டம்தானே.

பிஸ்கட்டில் மிச்சம் வருவது ஓவனைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. ஒரே ஒரு தட்டுக்காக அதைச் சூடாக்குவது வீண். நான் மாவை இரட்டிப்பாகப் பிசைந்து, பாதியை உருளையாக உருட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வேறு எதற்காவது ஓவன் சூடாகும்போது உருளையை வில்லைகளாக வெட்டிக் கூடவே வைத்தால் போதும். செலவில் பெரும்பங்கு வெண்ணெய்க்குத்தான். சர்க்கரையைக் கால் பங்கு குறைத்தும் பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு போன்றவற்றிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை கரண்டி போட்டேன் என்பது எனக்குத் தெரிகிறது என்பதே பெரிய நிம்மதி.

உருளைக்கிழங்கு வறுவலை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். வறுக்கும்போது அதெல்லாம் ஆவியாகப் போய், தட்டில் கொஞ்சம்தான் மிஞ்சும். எண்ணெய், எரிபொருள், மீந்த எண்ணெயை என்ன செய்வது என்ற தலைவலி எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. பெரிய பொட்டலமாக வாங்கிச் சிறு டப்பாக்களில் பிரித்து வைப்பதே மேல்.

வேர்க்கடலை, பாதாம் போன்றவற்றைப் பச்சையாக வாங்கி வறுத்தால் ஓரளவு மிச்சமாகும். மலிவு என்று மூட்டையாக வாங்கினால் சிக்கு வாடை அடித்துவிடும். நான்கைந்து வயது வரை முழுக் கொட்டைகளையோ பாப்கார்னையோ கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

கணக்குப் போடும்போது 100 கிராமுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வீணாகித் தூக்கிப் போடுவதையும் அதில் சேர்க்க வேண்டும். வீட்டுத் தின்பண்டம்தானே என்று அளவில்லாமல் எடுத்துக் கொடுத்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். அதனால் செய்த உடனே ஒரு நாளுக்கு ஒரு டப்பா என்று பிரித்து, தேதியை எழுதி ஒட்டிவிடுகிறேன். சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் இன்னும் கடையிலிருந்துதான் வருகின்றன. மூலப்பொருளின் விலையே அவற்றில் அதிகம். வீட்டில் செய்து மிச்சம் பிடிக்க வழியில்லை.