பூவார் பக்கம் காயலோரத்தில் மனை வாங்கும் முன்

களியக்காவிளை, கொல்லங்கோடு, பாறசாலை பக்கமிருந்து கேரளத்துப் பூவாரில் காயலோர மனை தேடும் நம்ம ஆட்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். அங்கே ஒரு தரகர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டார்.

2022-இல் நெய்யாறு கழிமுகத்துக்குப் பக்கத்தில் 8 சென்ட் வாங்கினோம். பத்திரம் பதிவாயிற்று, போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்தது, வில்லேஜ் ஆபீஸில் கரமும் (நில வரி) கட்டினோம். எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. அங்கெல்லாம் நிலம் யாருடையது என்றுதான் பார்ப்பார்கள்; வீடு கட்டலாமா என்று பார்ப்பதில்லை. வீட்டு பிளானைக் கொடுத்தபோதுதான் பஞ்சாயத்தில் கையை விரித்தார்கள். இடம் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்), கட்ட முடியாது.

தரகர் சொன்னது இது: "அண்ணே, கடல் எவ்வளவு தூரம் கிடக்கு! சட்டம் கடலுக்குத்தான். அதையும் 2019-லயே 50 மீட்டரா கொறைச்சாச்சு." சொல்லிவிட்டு டேப்பின் நுனியை என் மாமனார் கையில் கொடுத்துத் தண்ணீர் ஓரத்தில் நிற்கச் சொன்னார். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்த நேரம் அது. ஓதம் ஏறும் உயரத்தில், கரைக்கல்லில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அவர் அளந்தது அதற்கும் கீழே இருந்து. தெரியாமல் செய்த வேலை இல்லை.

சட்டம் கடலோடு நிற்பதில்லை. ஓதம் ஏறி இறங்கும் ஆறு, காயல், பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) எல்லாவற்றுக்கும் உண்டு. அளப்பதும் வரைபடத்தில் குறித்த உயர் ஓதக் கோட்டிலிருந்துதான், அதாவது ஓதம் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து. 50 மீட்டராகக் குறைத்த 2019 அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் அதன்படி கேரளா தயாரித்த திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். அதுவரை 2011 விதிதான்: காயலோரத்தில் 100 மீட்டர், அல்லது காயலின் அகலம், எது குறைவோ அதற்குள் புதிதாகக் கட்டக்கூடாது. தரகர் பக்கத்தில் நிற்கும் புதுவீட்டைக் காட்டினார். அது அனுமதியோடு முன்பே இருந்த வீட்டை அதே அளவில் திருப்பிக் கட்டியது. வெறும் மனைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பஞ்சாயத்து பெர்மிட்டை நீட்டினாலும் அது மட்டும் போதாது. கொச்சி பக்கம் மரடில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி தகர்த்த அடுக்குமாடிகளுக்கும் உள்ளூர் பெர்மிட் இருந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வே நம்பரை வாங்கி, திருவனந்தபுரத்தில் உள்ள கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் 1:4000 வரைபடத்தில் இடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் போனை அவர் எடுப்பதில்லை. பக்கத்துத் துண்டை, "50 மீட்டர் விதி வந்தாச்சு, இனி பயமில்ல" என்று இப்போது விற்றுக்கொண்டிருக்கிறார். அதன் பெரும்பகுதி அந்த 50 மீட்டருக்குள்ளேதான் வருகிறது.